ஸ்லாஷ் யூசர் ஸ்லாஷ் பின்

யூனிக்ஸ் வகுப்பில் எங்களுக்கு முதலில் மனப்பாடம் செய்யக் கொடுத்தது டைரக்டரி மரத்தை. 1990களின் நடுப்பகுதி அது. புதுச்சேரி அண்ணா சாலையை ஒட்டி ஒரு மாடியில் நடந்த பயிற்சி நிலையம். ஒரே ஒரு சர்வர், அதில் எஸ்சிஓ யூனிக்ஸ், சுற்றிலும் டம்ப் டெர்மினல்கள். வங்கிகள் கிளை கிளையாகக் கணினிக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் என்பதால் யூனிக்ஸ் தெரிந்தவனுக்கு வேலை நிச்சயம் என்று எல்லோரும் நம்பினோம். வாத்தியார் கரும்பலகையில் மேலே ஒரு சாய்கோடு போட்டு, அதிலிருந்து கிளைகளைக் கீழ்நோக்கி இறக்குவார். கட்டளைகள் இருக்கும் இடம் /பின். அமைப்புக் கோப்புகள் /இடிசி. கருவிகள் /டெவ். நூலகங்கள் /லிப். நாங்கள் வாய்ப்பாடு போல ஒப்பிப்போம். யஷ்வந்த் கனேட்கர் புத்தகம் ஒரு கையில், சுமிதாப தாஸ் புத்தகம் இன்னொரு கையில். இரண்டிலும் இந்தப் பட்டியல் உண்டு, தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண்ணும் உண்டு.

பட்டியலில் எனக்குப் பிடிபடாமல் நின்றது /யூசர். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு எழுத்து குறையும், ஆனாலும் வாயில் யூசர்தான். எஸ்சிஓ யூனிக்ஸில் எங்கள் வீட்டு டைரக்டரிகள் அதற்குள்தான் இருந்தன. லாகின் செய்து பிடபிள்யூடி அடித்தால் /யூசர் என்று தொடங்கி என் பெயரில் முடியும். ஆட்கள் குடியிருக்கிற இடம், சரி. ஆனால் அதே இடத்தில் இன்னொரு பின், இன்னொரு லிப். கட்டளைகளுக்குத்தான் மேலே /பின் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டேன். அத்தியாவசியமான கட்டளைகள் மேலே, மற்றவை இங்கே என்று வாத்தியார் சொன்னார். எது அத்தியாவசியம், யார் முடிவு செய்தது என்பதற்குப் பதில் புத்தகத்திலும் இல்லை.

இன்று நான் பார்த்துக்கொள்ளும் கல்லூரி லேபில் டெபியன் 13 லினக்ஸ் போட்ட கணினியில் உட்கார்ந்து, வேர் டைரக்டரியில் எல்எஸ் மைனஸ் எல் அடித்துப் பாருங்கள். /இடிசி, /ஹோம், /வார் எல்லாம் இருக்கும். அவற்றின் வரிகள் டி என்ற எழுத்தில் தொடங்கும், டைரக்டரி என்பதற்கான அடையாளம். /பின் வரிக்கு வந்தால் முதல் எழுத்து எல். வரியின் கடைசியில் ஓர் அம்புக்குறி, அதற்கு அந்தப் பக்கம் யூசர்/பின். அளவு காட்டும் இடத்தில் 7 என்று இருக்கும். ஏழு பைட். யூ, எஸ், ஆர், ஒரு சாய்கோடு, பி, ஐ, என்: எண்ணிப் பார்த்தால் ஏழு எழுத்து. நாங்கள் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிய /பின் இன்று அந்த ஏழு எழுத்து மட்டும்தான். ‘அங்கே போய்ப் பார்’ என்று சொல்லும் ஒரு சிம்லிங்க். பக்கத்திலேயே /எஸ்பின் எட்டு பைட், /லிப் ஏழு பைட். அவையும் சிம்லிங்க்தான், அவையும் /யூசருக்குள்ளேயே கைகாட்டுகின்றன.

ஆட்கள் குடியிருப்பதற்கென்று தொடங்கிய இடம் இன்று இயங்குதளம் முழுவதையும் தனக்குள் வைத்திருக்கிறது. ஆட்கள் அங்கிருந்து கிளம்பி /ஹோமுக்குப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது.

நான் வாத்தியாரிடம் கேட்ட கேள்விக்கான விடை பெல் லேப்ஸில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-11 கணினியில் யூனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய வட்டுகள் சில மெகாபைட்டுக்கு மேல் கொள்ளாதவை. இயங்குதளம் ஒரு வட்டில், ஆட்களின் கோப்புகள் இன்னொரு வட்டில். அந்த இரண்டாவது வட்டைத்தான் /யூசர் என்ற இடத்தில் பொருத்தினார்கள். தாம்சனின் வீடு /யூசர்/கென், ரிட்சியின் வீடு /யூசர்/டிஎம்ஆர். இயங்குதளம் வளர வளர முதல் வட்டில் இடம் பற்றாமல் போயிற்று. மிஞ்சிய கட்டளைகளை ஆட்களின் வட்டுக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயும் ஒரு பின்னும் லிப்பும் முளைத்தன. இப்போது ஒரு சிக்கல். கணினி கிளம்பும்போது இரண்டாவது வட்டு இன்னும் பொருத்தப்பட்டிருக்காது. பொருத்துவதற்கு மவுண்ட் கட்டளை வேண்டும். அந்தக் கட்டளையே இரண்டாவது வட்டில் இருந்தால் எப்படிப் பொருத்துவது? ஆகவே மவுண்ட் போன்றவை முதல் வட்டில் இருந்தே ஆகவேண்டும். எங்களுக்கு ‘அத்தியாவசியம்’ என்று சொல்லித்தந்த விதியின் பிறப்பு இதுதான். வட்டில் இடம் இல்லை, அவ்வளவே.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்த வட்டை வைத்துக்கொண்டு அவர்கள் சரியான வேலையைத்தான் செய்தார்கள். என் வருத்தம் பின்னால் வந்தவர்கள் மேல். ஏற்பாடு கைமாறிக்கொண்டே வந்தது, காரணம் கூட வரவில்லை. காரணம் தெரியாதபோது ஆளுக்கொரு காரணம் கட்டினார்கள். அவற்றில் சில நல்ல காரணங்களும்கூட: 1980களில் வட்டே இல்லாத சன் வொர்க்ஸ்டேஷன்கள் நெட்வொர்க் வழியாக ஒரே /யூசரைப் பகிர்ந்துகொண்டன, அதற்கு இந்தப் பிரிவு உதவியது. ஆனால் அண்ணா சாலை மாடியில் ஒரே சர்வரை வைத்துக்கொண்டு படித்த எங்களுக்கு அது எதுவும் பொருந்தாது. எங்களுக்கு அது வேதவாக்காக வந்து சேர்ந்தது. வேதவாக்கை யாரும் மாற்றத் துணிவதில்லை.

லினக்ஸ் எனக்கு பிசிக்வெஸ்ட் இதழோடு வந்த குறுந்தகட்டில் வந்தது. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய இதழ்களைக் குறுந்தகட்டோடு சேர்த்தே வாங்கலாம், கீறல் விழாததாகப் பார்த்து எடுக்கவேண்டும். ரெட் ஹாட்டில் குறுந்தகட்டை /எம்என்டி/சிடிராம் என்ற இடத்தில் பொருத்தச் சொல்வார்கள். டெபியனில் அது /சிடிராம். கொஞ்ச காலம் கழித்து /மீடியா வந்தது. இப்போது பென்டிரைவைச் செருகினால் பல கணினிகளில் /ரன்/மீடியா என்று தொடங்கும் பாதையில் போய் உட்காருகிறது. இணையப் பக்கங்களை வைக்கும் இடமும் இப்படித்தான் ஊர் சுற்றியது. ரெட் ஹாட் 6 காலத்தில் /ஹோம்/எச்டிடிபிடி/எச்டிஎம்எல், பிறகு /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல். டெபியன் கடைசி எச்டிஎம்எல் இல்லாமல் வெகுகாலம் வைத்திருந்து, 2015-இல் 8ஆம் பதிப்பில் அதையும் சேர்த்துக்கொண்டது.

இந்தக் கதையில் எனக்கு மிக நெருக்கமான பகுதி தமிழ் எழுத்துருக்களுடையது. 2000ஆம் ஆண்டை ஒட்டி, லினக்ஸில் ஒரு தமிழ் எழுத்துருவைப் போடுவது அரை நாள் வேலை. எக்ஸ் விண்டோஸுக்கென்று /யூசர்/எக்ஸ்11ஆர்6 என்று தனி மரமே இருந்தது. அதற்குள் லிப், அதற்குள் எக்ஸ்11, அதற்குள் ஃபான்ட்ஸ், அதற்குள் ஒரு டிடிஎஃப். இணைமதி எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பை அங்கே நகலெடுத்து, எழுத்துருப் பட்டியலை உருவாக்கும் கட்டளைகளை வரிசை மாறாமல் ஓட்டி, எக்ஸ் அமைப்புக் கோப்பில் அந்தப் பாதையைச் சேர்த்து, எக்ஸை நிறுத்திக் கிளப்பவேண்டும். பாதையில் ஓர் எழுத்து பிசகினால் திரை முழுக்க வெறும் கட்டங்கள். டிஸ்கி குறியீட்டில் தட்டச்சு செய்த ஒரு பக்கம் முதல்முறை திரையில் ஒழுங்காகத் தெரிந்தபோது அலுவலகத்தில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

கேடிஈ திரைச்சூழலின் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் ஊருக்கு ஒரு விலாசம். ரெட் ஹாட்டில் அது /யூசருக்குள் இருக்கும், சூசேயில் /ஆப்ட்/கேடிஈ3-க்குள். மொழிபெயர்ப்புக் கோப்பை நகலெடுத்துத் தருகிறேன் என்று ஒருவருக்கொருவர் உதவிக்கொண்ட காலத்தில், ‘உங்களுடையது எந்த லினக்ஸ்?’ என்பதுதான் முதல் கேள்வி. தன்னார்வலர்கள் ராத்திரி கண்விழித்து மொழிபெயர்த்த ஒரு கோப்பு, தப்பான இடத்தில் வைத்த ஒரே காரணத்தால் யாருக்கும் தெரியாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். கோப்பு எங்கே இருக்கவேண்டும் என்ற கேள்வி அப்போதிருந்தே எனக்குச் சின்னக் கேள்வி இல்லை.

அந்தச் சிக்கலை அவிழ்த்த பெருமை ஃபான்ட்கான்ஃபிக் என்ற நிரலுக்கு உரியது. /யூசர்/ஷேர்/ஃபான்ட்ஸ் என்ற ஒரே இடத்தையும், அவரவர் வீட்டுக்குள் ஓர் இடத்தையும் தானாகத் தேடிப் பார்த்துக்கொண்டது. 2005 டிசம்பரில் எக்ஸ்.ஆர்க் 7 தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து வெளிவந்த பிறகு எக்ஸ்11ஆர்6 மரமும் மெல்ல /யூசரில் கரைந்தது. இன்றைய மாணவர்களுக்கு அப்படி ஒரு மரம் இருந்ததே தெரியாது. லோகித் தமிழ் எழுத்துரு வேண்டுமா, ஒரு தொகுப்பைப் போட்டால் அது தன் இடத்துக்குத் தானே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பாதை பற்றிய அறிவு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அது எனக்கு மகிழ்ச்சிதான், அந்த அரை நாளை அவர்கள் வேறு எதற்காவது செலவிடட்டும்.

ஆளுக்கொரு பாதை என்பதை ஒழுங்குபடுத்த முயற்சி நடக்காமல் இல்லை. 1994 பிப்ரவரியில் லினக்ஸுக்கான கோப்பமைப்புத் தரம் ஒன்று வெளிவந்தது. அதுவே வளர்ந்து எஃப்எச்எஸ் ஆயிற்று. 2004-இல் 2.3, 2015-இல் 3.0. எது எங்கே இருக்கவேண்டும் என்பதோடு ஏன் என்பதையும் அதில் பல இடங்களில் எழுதியிருந்தார்கள். எங்கள் பாடப்புத்தகங்களில் இல்லாதது அதுதான். அந்த ஆவணத்தை அச்செடுத்துக் கோத்து லேப் அலமாரியில் வைத்திருந்தேன்.

ஆனால் எஃப்எச்எஸ்ஸும் /பின் வேறு, /யூசர்/பின் வேறு என்பதைத் தொடவில்லை. தொட்டவர்கள் வேறு ஆட்கள். சோலாரிஸில் /பின் எப்போதோ சிம்லிங்க் ஆகியிருந்தது. லினக்ஸில் துணிந்து இறங்கியது ஃபெடோரா, 2012 மே மாதம் வந்த 17ஆம் பதிப்பில். ஹரால்ட் ஹோயரும் கே சீவர்ஸும் முன்வைத்த வாதம் எளிமையானது. கணினி கிளம்பும்போது தேவைப்படும் பல கருவிகள் ஏற்கெனவே /யூசருக்குள் இருக்கும் நூலகங்களை நம்பித்தான் ஓடுகின்றன, பிரிவு பெயருக்குத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் /யூசருக்குள் சேர்த்துவிட்டால் இயங்குதளம் முழுவதும் ஒரே மரத்தில் அடங்கும், அதை எழுத முடியாதபடி பூட்டலாம், அப்படியே நகலெடுக்கலாம். முதல் வட்டைப் பொருத்தும் வேலையை இப்போது இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னக் கோப்பமைப்பு நினைவகத்திலிருந்தே செய்துவிடுகிறது. 1971-இன் மவுண்ட் சிக்கல் இல்லாமல் போய்விட்டது.

எனக்கு இந்த வாதம் படித்த அன்றே சரி என்று பட்டது, இன்றும் படுகிறது. எதிர்த்தவர்களில் பலர் தனி வட்டில் /யூசர் வைத்து வருடக்கணக்காகக் கணினி நடத்தியவர்கள். அவர்கள் கவலையும் பொய்யில்லை. ஃப்ரீபிஎஸ்டி இன்றுவரை பழைய பிரிவை வைத்துக்கொண்டு நன்றாகவே ஓடுகிறது என்பதையும் சொல்லவேண்டும்.

டெபியன் இதைச் செய்த விதம்தான் எனக்குப் பிடித்தது, செய்ய எடுத்துக்கொண்ட காலமும்கூட. 2019-இல் 10ஆம் பதிப்பில், புதிதாக நிறுவும் கணினிகளுக்கு மட்டும் இணைந்த அமைப்பு. 2023 ஜூனில் 12ஆம் பதிப்பில் எல்லோருக்கும். ஆனாலும் ஒரு பொறி மிச்சமிருந்தது. டெபியனில் தொகுப்புகளைக் கையாளும் டிபிகேஜி, எந்தக் கோப்பு எந்தப் பாதையில் இருக்கிறது என்று பதிவேடு வைத்திருக்கும். அந்தப் பதிவேட்டில் /பின்னில் ஒரு கோப்பு, /யூசர்/பின்னில் ஒரு கோப்பு என்றால் இரண்டும் வேறு வேறு. சிம்லிங்க் வந்தபின் இரண்டும் ஒன்றே என்பது டிபிகேஜிக்குத் தெரியாது. ஒரு கட்டளை ஒரு தொகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, அதே சமயம் பாதையும் மாறினால், பழைய கோப்பை அழிப்பதாக நினைத்து இப்போதுதான் வைத்த புதிய கோப்பை அழித்துவிடும். அதனால் தொகுப்பாளர்கள் கோப்புகளை நகர்த்தவே கூடாது என்று தடை போட்டு வைத்திருந்தார்கள். ஹெல்முட் குரோனே என்பவர் இந்த ஆபத்துகளை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மாற்று எழுதி, தொகுப்பு தொகுப்பாக நகர்த்த வழி செய்தார். 2025 ஆகஸ்டில் 13ஆம் பதிப்பு வந்தபோது வேலை முடிந்திருந்தது. என் லேபில் மேம்படுத்தியபோது மாணவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. /பின்/பேஷ் என்று முதல் வரி போட்ட ஷெல் ஸ்கிரிப்டுகள் எல்லாம் அப்படியே ஓடின.

சென்னை சி-டாக் வெளியிடும் பாஸ் லினக்ஸுக்கும் அடித்தளம் டெபியன்தான். தமிழ்நாட்டு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அது பள்ளிப் பிள்ளைகளின் கைக்குப் போயிற்று. 2023 ஜனவரியில் புதுச்சேரிக்குப் பக்கத்திலிருக்கும் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் நடந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் உலக டெப்கான்ஃப். எங்கோ ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பேசி முடிக்கிற விஷயம் என்று இதை ஒதுக்க முடியாது.

பழைய பாதையில் வருகிறவனைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது புதுச்சேரிக்காரர்களுக்குப் புரியவைக்க வேண்டிய விஷயமில்லை. நேரு வீதி பிரெஞ்சுக்காரர் காலத்தில் துய்ப்ளே வீதி. என் பாட்டி கடைசி வரை ஜவுளி எடுக்கத் துய்ப்ளே வீதிக்குத்தான் போனார். ரிக்‌ஷாக்காரர் ஒருநாளும் அப்படி ஒரு வீதி இல்லை என்று சொன்னதில்லை, நேரு வீதியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

அந்த ரிக்‌ஷாக்காரர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சமீபத்தில் லேபில் பார்த்தேன். இறுதியாண்டு மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“சார், நேத்து வரைக்கும் ஓடுச்சு சார். டேட்டாபேஸ் இமேஜை மட்டும்தான் புதுசா இறக்கினேன். இப்ப கனெக்‌ஷனே ஆகல. டைம்ஸோன் தப்புன்னு சொல்லுது.”

“எந்த டைம்ஸோன்மா கேக்குது?”

“ஏசியா கல்கத்தா. நான் எங்கயுமே அப்படி எழுதல சார், ப்ராஜெக்ட் முழுக்கத் தேடிட்டேன்.”

அவள் எழுதவில்லைதான். உலகின் நேர மண்டலங்கள் எல்லாம் /யூசர்/ஷேர்/ஸோன்இன்ஃபோ என்ற டைரக்டரிக்குள் கண்டம் கண்டமாக, ஊர் ஊராகக் கோப்புகளாக இருக்கின்றன. இந்தியா முழுவதற்கும் ஒரே ஊர். முதலில் அதன் பெயர் ஏசியா/கல்கத்தா. நகரத்தின் பெயர் 2001-இல் கொல்கத்தா ஆனது, சில ஆண்டுகளில் கோப்பும் ஏசியா/கொல்கத்தா ஆனது. பழைய பெயர் ஓர் இணைப்பாகப் பக்கத்திலேயே நின்றது. அவளுடைய விண்டோஸ் மடிக்கணினியில் ஜாவா இந்திய நேரத்தைப் பழைய பெயரில்தான் அறிந்து வைத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு தொடர்பு கொள்ளும்போதே அந்தப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறது. பழைய டாக்கர் இமேஜில் இணைப்பு இருந்ததால் போஸ்ட்கிரெஸ் ஏற்றுக்கொண்டது. புதிய இமேஜ் டெபியன் 13 மேல் கட்டியது. அதில் பழைய ஊர்ப்பெயர்களைப் பிரித்து டிஇசட்டேட்டா-லெகசி என்ற தனித் தொகுப்பில் வைத்துவிட்டார்கள். அந்தத் தொகுப்பு இமேஜில் இல்லை. கல்கத்தா என்று ஒரு கோப்பு இல்லை, ஆகவே தொடர்பும் இல்லை.

/பின் விஷயத்தில் அத்தனை பொறுமை காட்டிய அதே டெபியன், இதில் ஏன் இந்த இணைப்பை எடுத்துத் தள்ளி வைக்கவேண்டும்? பெயர்களை ஒழுங்குபடுத்தவேண்டும் என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும் மென்பொருள் இந்தியா முழுக்க மாணவர்களின் மடிக்கணினிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. புழக்கத்தில் இருக்கும் இணைப்பை எடுப்பதற்கு இது நேரமில்லை. சில பைட் இடத்தை மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்?

இரண்டு வழி சொன்னேன். ஜாவாவைக் கிளப்பும்போதே நேர மண்டலம் ஏசியா/கொல்கத்தா என்று சொல்லிவிடலாம், இல்லையென்றால் இமேஜில் லெகசி தொகுப்பைச் சேர்க்கலாம். தன் குழுவில் நாலு பேருக்கும் வேறு வேறு மடிக்கணினி என்பதால் அவள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். டாக்கர்ஃபைலில் ஒரு வரி சேர்த்து, இமேஜைத் திரும்பக் கட்டி, ஓட்டினாள். தொடர்பு கிடைத்தது. கிளம்பப் போனவளை நிறுத்தி, அந்த வரிக்கு மேல் காரணத்தை எழுதி வைக்கச் சொன்னேன். யோசித்துவிட்டுத் தட்டினாள்: ‘விண்டோஸ் ஜாவா இன்னும் ஏசியா/கல்கத்தா என்று அனுப்புகிறது. அது நிற்கும் வரை இந்தத் தொகுப்பை எடுக்கவேண்டாம். நின்றதும் எடுத்துவிடலாம்.’